தோல் சோபாவில் தலை சாய்க்கும் இடம் கறுத்துப் பிசுபிசுக்கிறது, எதைக் கொண்டு துடைக்கலாம்?

மாடிப்படி:

வணக்கம். உறவினர் ஒருவர் வீடு மாறும்போது கொடுத்த தோல் சோபாவும் ஒரு ஒற்றை நாற்காலியும் எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சோபா மூன்று பேர் உட்காரலாம், வெளிர் பழுப்பு நிறம். உட்காரும் இடம் நன்றாகவே இருக்கிறது. தலை சாய்க்கும் இடமும் இரண்டு கைப்பிடிகளின் மேல்பக்கமும்தான் கறுத்துப்போய்ப் பிசுபிசுவென்று இருக்கின்றன. நடுக் குஷனில் பால்பாயின்ட் பேனாவால் போட்ட கோடு, ஒரு சாண் நீளம். சுவர்ப்பக்கம் இருக்கும் முதுகில், கீழோரத்தில், மேல்பகுதி செதில் செதிலாக உரிந்து அடியில் வெள்ளைத் துணி தெரிகிறது.

ஒற்றை நாற்காலி வேறு ரகம். பளபளப்பே கிடையாது. தொட்டால் மெத்தென்று இருக்கிறது, தோலில் சின்னச் சின்னத் தழும்புகள்கூடத் தெரிகின்றன. அதன் மேல் யாரோ ஈர டம்ளர் வைத்த வட்டம் ஒன்று.

கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குழந்தைக்குத் துடைக்கும் ஈரத்துணி போதும் என்கிறார் ஒருவர். பாத்திரம் கழுவும் திரவம்தான் பிசுக்கை எடுக்கும் என்கிறார் இன்னொருவர். தோலுக்கு எண்ணெய் காட்டாவிட்டால் வெடித்துவிடும் என்று அண்ணன் பயமுறுத்துகிறார். நான் இன்னும் எதையும் தொடவில்லை. வீட்டில் இரண்டு வயதுப் பெண் இருக்கிறாள், கைப்பிடியில் வாயை வைத்துக்கொண்டே நிற்பாள். ஆகவே காட்டமான மருந்து எதுவும் வேண்டாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிழல்குடை:

ஆலிவ் எண்ணெய் இரண்டு பங்கு, வினிகர் ஒரு பங்கு, நன்றாகக் குலுக்கித் துணியில் தொட்டுத் தேயுங்கள். எங்கள் வீட்டில் எப்போதும் இதுதான். புதுசு மாதிரி பளபளக்கும். கடையில் விற்கும் கிரீம் எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு.

கோணியூசி:

மாடிப்படி, எதையும் தொடாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கே பாராட்டு. சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் தோல் மாற்றித் தைப்பது, நிறம் அடிப்பது, இதுதான் என் தொழில். என்னிடம் ரிப்பேருக்கு வருவதில் பழசாகிக் கெட்டதைவிடத் துடைத்துக் கெட்டதுதான் அதிகம்.

நிழல்குடை, கோபித்துக்கொள்ளாதீர்கள். தேய்த்த அன்றைக்குப் பளபளக்கும், நிஜம்தான். ஆனால் தோலுக்கு வேண்டிய எண்ணெய் பதனிடும் இடத்திலேயே ஏற்றப்பட்டுவிடுகிறது. தோல் ஈரமாக இருக்கும்போதே பெரிய மர உருளைக்குள் போட்டுச் சுற்றி, தண்ணீரோடு கலக்கும்படி செய்த எண்ணெயை நாருக்கு நார் ஊறவிடுவார்கள். காயவைத்து, மேலே நிறப்பூச்சும் அதற்கு மேல் தெளிவான பூச்சும் அடித்தபிறகுதான் அது சோபாக்காரரிடம் வருகிறது. அந்தப் பூச்சு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதற்கு மேல் ஆலிவ் எண்ணெயைத் தேய்த்தால் உள்ளே போக வழி இல்லை. மேலேயே கிடந்து தூசியைப் பிடிக்கும், வெள்ளைச் சட்டைக்காரர் முதுகில் வரும், தலை சாய்க்கும் இடம் இன்னும் பிசுபிசுக்கும். பூச்சு இல்லாத தோலில் தேய்த்தால் நிலைமை வேறு. உடனே உள்ளே போய்விடும், திட்டுத் திட்டாகக் கறுக்கும், நாளடைவில் காறல் வாடை வரும், பிறகு அதை எடுக்க யாராலும் முடியாது. உங்கள் கூட்டில் வினிகர் அப்பாவி, எண்ணெய்தான் வில்லன்.

சரி, மாடிப்படி. துடைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எது எது என்ன தோல் என்று தெரியவேண்டும். இரண்டு காரியம் செய்யுங்கள்.

முதலில் குஷன் உறையின் ஜிப்பைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். நார் நாராக, சொரசொரப்பாக இருந்தால் தோல். நெய்த துணியோ பின்னிய துணியோ தெரிந்தால் அது ரெக்சின் வகை, அல்லது தோல் தூளைப் பசையில் குழைத்துத் துணியில் ஒட்டிய சரக்கு. சோபாவின் முதுகுக்கு அடியில் ஒரு மெல்லிய துணி ஆணியடித்து மூடியிருக்கும். அதன் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினால் முதுகுத் துண்டின் உள்பக்கமும் தெரியும்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. கண்ணில் படாத இடத்தில் விரல்நுனியால் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நிமிடம் பாருங்கள். முத்தாக நின்றால் மேல்பூச்சு இருக்கிறது. உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கறுத்தால் பூச்சு இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது. சோபாவின் உட்காரும் இடம், தலை சாய்க்கும் இடம், ஒற்றை நாற்காலி, மூன்றிலும் தனித்தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை அந்த ஈரத்துணியையும் பாத்திரத் திரவத்தையும் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

மாடிப்படி:

பார்த்துவிட்டேன் அண்ணா. குஷன் உள்பக்கம் நார் நாராகத்தான் இருக்கிறது, வெட்டிய ஓரத்தில் லேசான நீலச் சாம்பல் நிறம் தெரிகிறது. அது அழுகலா? முதுகுத் துண்டின் உள்பக்கம் வெள்ளைத் துணி.

உட்காரும் இடத்தில் சொட்டு அப்படியே நின்றது. தலை சாய்க்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பிறகு லேசாகப் பரவிக் கறுத்தது. ஒற்றை நாற்காலியில் வைத்த உடனே குடித்துவிட்டது. கறுத்த இடம் காய்ந்ததும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

கோணியூசி:

அழுகல் இல்லை, பயப்படாதீர்கள். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் அந்த நீலத்தில்தான் வெளியே வரும், சாயம் பிறகுதான் ஏற்றுவார்கள். இன்று சோபாவுக்கு வரும் தோலில் பெரும்பகுதி அப்படிப் பதனிட்டதுதான். சாயம் நடுவரை இறங்காமல் இருந்தால் வெட்டு ஓரத்தில் நீலம் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பிடியில் இதே நிறம் எட்டிப் பார்த்தால் பூச்சு போய்விட்டது என்று பொருள்.

முதுகில் உரிவது தோலே இல்லை. உடம்பு படும் இடத்துக்கு மட்டும் தோல், பக்கத்துக்கும் முதுகுக்கும் அதே நிறத்தில் செயற்கைத் துண்டு, இப்படித் தைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அந்தச் செயற்கைத் துண்டின் மேலே இருப்பது பாலியூரிதேன். காற்றில் இருக்கும் ஈரமே அதை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். உரிய ஆரம்பித்ததை நிறுத்த எண்ணெயும் உதவாது, கிரீமும் உதவாது. சுவர்ப்பக்கம்தானே, அப்படியே விடுங்கள். ஆனால் உரியும் செதிலை உங்கள் மகள் பிய்த்து வாயில் போடாதபடி தளர்ந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு துணியை இழுத்து அடியில் ஸ்டேப்பிள் அடித்துவிடுங்கள். பிறகு மனசு வந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றித் தைத்துக்கொள்ளலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சோபாவுக்கு மேல்பூச்சு இருக்கிறது, தலைப்பக்கம் தேய்ந்திருக்கிறது. நாற்காலி அனிலின் தோல், அதாவது சாயம் மட்டும் ஏற்றியது, மூடும் பூச்சு இல்லை. அதனால்தான் மாட்டின் தழும்பெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டையும் ஒரே பாட்டிலால் துடைக்கக்கூடாது.

சோபாவின் கறுப்பு என்பது தலையிலிருந்தும் கையிலிருந்தும் இறங்கிய எண்ணெய், வியர்வை, அதில் ஒட்டிய தூசி. ஊறவிட்டால் பூச்சையே இளக்கிவிடும் சரக்கு அது. கறை என்று நினைத்து முரட்டுத்தனமாகத் தேய்த்தால் இளகிய பூச்சும் கூடவே வந்துவிடும். ஆகவே மெதுவாக, பல தடவையாக.

வாக்குவம் கிளீனரில் மென்மையான பிரஷ் முனையைப் போட்டுச் சந்துகளில் இருக்கும் மண்ணை முதலில் எடுங்கள். மண்ணோடு ஈரத்துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்டது போலத்தான். தோலுக்கு என்று விற்கும், தண்ணீர் அடிப்படையிலான கிளீனர் ஒன்று வாங்குங்கள். லேபிளில் பூச்சுள்ள தோலுக்கு என்று இருக்கவேண்டும். முதலில் சோபாவின் அடிப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தொட்டுப் பார்த்து, முழுக்கக் காய்ந்தபிறகு நிறம் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தோலின் மேல் நேராக ஊற்றாதீர்கள். ஸ்பாஞ்சில் ஊற்றிக் கசக்கி நுரை வரவழைத்து, அந்த நுரையால் மட்டும் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரைக்கும் முழுத் துண்டையும் ஒரே மூச்சில் முடிக்கவேண்டும், நடுவில் நிறுத்தினால் அந்த எல்லை கோடாகத் தெரியும். நுரை கறுத்ததும் ஈரத்தைப் பிழிந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை. காற்றிலேயே காயட்டும். ஹேர் டிரையர், ஹீட்டர், வெயில் மூன்றும் கூடாது.

துணி ஏன் வெள்ளை என்றால் அதுதான் உங்களுக்கு எச்சரிக்கை மணி. கறுப்போ சாம்பலோ வந்தால் அழுக்கு, தொடரலாம். உங்கள் சோபாவின் பழுப்பு நிறம் துணியில் வந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள், பூச்சு வருகிறது.

ஒரே நாளில் முடிக்கவேண்டாம். இன்றைக்கு ஒரு சுற்று, நன்றாகக் காய்ந்தபிறகு இன்னொரு சுற்று. ஈரம் தோலில் தேங்கக்கூடாது.

கிளீனர் கிடைக்காவிட்டால், காய்ச்சி வடித்த தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, வாசனை இல்லாத மிதமான திரவச் சோப்பு சில துளி விட்டு, அடித்து வரும் நுரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் சோப்பு முழுக்கப் போகும்வரை துடைக்கவேண்டும். மகள் விஷயத்துக்கும் இது போதும். ஈரம் காயும்வரை அவளை அந்தப் பக்கம் விடாதீர்கள், அவ்வளவுதான்.

பழுப்புத்தாள்:

கோணியூசி அண்ணா சொல்வதோடு ஒரு வேதியியல் காரணத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். நான் பழைய தோல் அட்டைப் புத்தகங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவள், சோபா எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை, தோல் பழக்கம்.

பதனிட்ட தோல் அமிலத் தன்மை கொண்டது. பிஎச் கணக்கில் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) பெரும்பாலும் 3.5 முதல் 5 வரை. குளியல் சோப்புக்கட்டி 9, 10 என்று காரப் பக்கம் இருக்கும். சமையல் சோடா கரைசல் 8க்கு மேல். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் காரம்தான், பிளீச் 11ஐத் தாண்டும். காரம் அடிக்கடி பட்டால் தோல் நாரைப் பிணைத்து வைத்திருக்கும் பதனிடு பொருளும் எண்ணெயும் தளரும், தோல் விறைக்கும். குதிரைச் சேணத்துக்கான சோப்பும் காரம்தான். முரட்டுச் சேணத்துக்குச் சரி, சோபாவுக்கு வேண்டாம்.

எண்ணெய் விஷயம் எங்கள் பக்கத்திலும் ஒரு பெரிய கதை. பிரிட்டிஷ் மியூசியம் பெயரிலேயே ஒரு தோல் பூச்சு இருந்தது. கம்பளிக் கொழுப்பு, செடார் எண்ணெய், தேன்மெழுகு, இவற்றை ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்தது. நூலகங்களில் அடுக்கடுக்காகப் பூசினார்கள். பிறகு பார்த்தால் தோல் கறுத்தது, ஒட்டியது, தூசி பிடித்தது. இன்று பழம்பொருள் பாதுகாப்பாளர்கள் பொதுவாக அந்த மாதிரிப் பூச்சுகளைத் தவிர்க்கிறார்கள். தோலைச் சுற்றியிருக்கும் காற்றையும் வெளிச்சத்தையும்தான் கவனிக்கிறோம். ஈரப்பதம் 45 முதல் 55 சதவிகிதம் இருந்தால் நல்லது. 65ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மிகவும் குறைந்தால் தோல் சுருங்கிக் காய்கிறது. சோபா ஜன்னல் வெயிலில் இருந்தால் நகர்த்திவிடுங்கள். மங்கிய நிறம் எந்தக் கிரீமுக்கும் திரும்பி வராது.

நிழல்குடை:

சரி, எண்ணெயை விடுங்கள். குழந்தைத் துடைப்புத் துணியில் என்ன தப்பு? பச்சைக் குழந்தை உடம்புக்கே ஆகிறது, மாட்டுத் தோலுக்கு ஆகாதா?

கோணியூசி:

நல்ல கேள்வி. குழந்தையின் தோல் உயிரோடு இருக்கிறது, உரிந்தால் மறுபடி வளரும். சோபாவின் மேல் இருப்பது பெயின்ட்.

அந்தத் துணியில் அழுக்கை இளக்கும் பொருளும் கெடாமல் வைக்கும் பொருளும் இருக்கும், அதைத் துடைத்துவிட்டு யாரும் தண்ணீரால் எடுப்பதில்லை. எப்போதாவது ஒருமுறை பட்டால் ஒன்றும் ஆகாது. தினமும் துடைத்தால் மிச்சம் படிந்து படிந்து பூச்சு மங்கி இளகும். கிருமிநாசினித் துணி அதைவிட மோசம், பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். கைக்குத் தடவும் சானிடைசர் வந்ததிலிருந்து கைப்பிடி மட்டும் நிறம் போன சோபாக்கள் எனக்கு வர ஆரம்பித்தன. எல்லோரும் ஈரக் கையோடு போய் உட்கார்ந்திருக்கிறார்கள்!

இதே வரிசையில் நகப்பூச்சு நீக்கி. அதில் அசிட்டோன் இருந்தால் பூச்சைத் தொட்ட கணத்தில் கரைக்கும். சுவர்க் கறைக்கு விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச், பார்க்கப் பஞ்சு, வேலையில் உப்புத்தாள். ஷூ பாலிஷில் இருக்கும் சாயமும் மெழுகும் உட்காருபவர் உடையில்தான் போய்ச் சேரும்.

மாடிப்படி, பேனாக் கோட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஹேர் ஸ்பிரே அடித்தால் போகும் என்று யாராவது வந்து சொல்வார்கள், கேட்காதீர்கள். அதில் வேலை செய்வது ஆல்கஹால். அது மையையும் கரைக்கும், அடியில் இருக்கும் நிறத்தையும் கரைக்கும். கோடு போய் உள்ளங்கை அளவு நீலப் புகை மிஞ்சும். பால்பாயின்ட் மை பூச்சுக்குள்ளேயே ஊறும் ரகம். விழுந்த சூட்டோடு தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றினால் கொஞ்சம் வரும். பழைய கோடு என்றால் கிளீனர் நுரை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், வெளுத்த மட்டும் லாபம். மேலே போகவேண்டாம்.

ஒற்றை நாற்காலிக்கு வருவோம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, நல்ல தோல். முதலில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு வெளிறியோ கறுத்தோ தடமாக நின்றால் அது நூபக், மேல்முகத்தைத் தேய்த்து வெல்வெட் மாதிரி ஆக்கியது. அதற்கு உலர்ந்த மென்மையான பிரஷ்தான், திரவம் எதுவும் வேண்டாம். தடம் நிற்காவிட்டால் சாதாரண அனிலின்.

தண்ணீர் வட்டம் ஏன் வருகிறது என்றால், நனைந்த இடத்தில் இருக்கும் சாயமும் உப்பும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே சேர்ந்து காய்கிறது. வட்டத்தை மட்டும் தேய்த்தால் இன்னொரு வட்டம் வரும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, வட்டத்தின் நடுவிலிருந்து வெளியே ஒற்றிக்கொண்டே போய், தையல்வரை அந்தத் துண்டு முழுவதும் ஒரே சீராக ஈரம் ஏறும்படி செய்யுங்கள். ஊறவேண்டியதில்லை, நிறம் ஒரே மாதிரி கறுத்தால் போதும். நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். வட்டம் முழுக்க மறையும் என்று சத்தியம் செய்யமாட்டேன், மங்கும்.

அதில் எண்ணெய்க் கறை ஏதும் பட்டால் தண்ணீரே காட்டாதீர்கள். டால்கம் பவுடரைக் குவித்து இரவு முழுக்க விட்டுக் காலையில் தட்டி எடுங்கள், வேண்டுமானால் திரும்பவும். இந்தத் தோலுக்குக் கிளீனரும் கிரீமும் அனிலினுக்கு என்று எழுதியிருப்பது மட்டும்தான்.

தண்ணீர் ஒட்டாமல் இருக்க ஸ்பிரே அடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஃப்ளோரோ பாலிமர் கலந்த ஸ்பிரேக்களை மூடிய அறையில் அடித்துச் சுவாசித்து நுரையீரல் பாதித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அந்த வேலை வேண்டாம். அடித்தே ஆகவேண்டும் என்றால் நாற்காலியை வெளியே தூக்கிப் போய், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அடித்து, வாடை முழுக்கப் போனபிறகு உள்ளே கொண்டுவாருங்கள். என் கருத்தைக் கேட்டால், டம்ளருக்கு அடியில் ஒரு தட்டு வைப்பது சுலபம்.

மாடிப்படி:

எல்லாவற்றுக்கும் நன்றி. நாற்காலியில் விரல் தடம் நிற்கவில்லை, அனிலின்தான். வட்டம் பாதிக்கு மேல் மங்கிவிட்டது, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.

சோபாவில் தலை சாய்க்கும் இடம் நம்ப முடியாத அளவுக்கு வெளுத்திருக்கிறது. துணியில் கறுப்பு கறுப்பாக வந்தது, பழுப்பு வரவில்லை. இடது கைப்பிடியும் அப்படியே. வலது கைப்பிடியில் இரண்டாவது சுற்றிலேயே துணியில் பழுப்பு வந்தது, நீங்கள் சொன்னபடி நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் இப்போது நீலச் சாம்பல் புள்ளிகள் தெரிகின்றன.

வாக்குவம் போடும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. அடித்துணிக்கு உள்ளே ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. பூஞ்சைக்காக வைப்பார்களாமே, அப்படியே விடலாமா?

பழுப்புத்தாள்:

விடாதீர்கள். பெரும்பாலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லாகத்தான் இருக்கும், உருண்டை உருண்டையாகக் கையில் நெருடும், அதனால் தோலுக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் 2007, 2008 வாக்கில் ஐரோப்பாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். சோபாக்களுக்குள் பூஞ்சை வராமலிருக்க டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பொடியைப் பொட்டலமாக வைத்து அனுப்பியிருந்தார்கள். உட்காருபவரின் உடல் சூட்டில் அது ஆவியாகி, தோலையும் உடையையும் தாண்டி உடம்பில் பட்டு, முதுகிலும் தொடையிலும் கடுமையான அரிப்பும் புண்ணும் வந்தன. பின்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் என்று பல நாடுகளில் மருத்துவர்கள் முதலில் காரணம் புரியாமல் திணறினார்கள். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கும் பொருளை விற்கக்கூடாது என்று தடை விதித்தது.

உங்கள் சோபா எப்போது செய்தது என்று தெரியாதபோது யோசிக்கவேண்டியதில்லை. கையுறை போட்டுக்கொண்டு பொட்டலத்தைக் கிழிக்காமல் எடுத்து, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வெளியேற்றுங்கள். இன்னும் ஒன்றிரண்டு உள்ளே இருக்கலாம், எல்லா மூலையையும் பாருங்கள். வீட்டில் யாருக்காவது சோபாவில் படும் இடங்களில் மட்டும் அரிப்பு இருந்தால் மருத்துவரிடம் சோபாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பூஞ்சைக்கு எதையும் உள்ளே வைக்கவேண்டியதில்லை. சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு கையளவு இடைவெளி விடுங்கள், காற்று ஓடட்டும். வெள்ளைப் பூப் பூத்தது தெரிந்தால் முகக்கவசம் போட்டு, முடிந்தால் வெளியே தூக்கிப் போய், உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அதன் வித்துகள் மற்ற பொருள்களுக்குப் பரவும்.

மாடிப்படி:

எடுத்துவிட்டேன். அமுக்கிப் பார்த்ததில் உருண்டைகள்தான், இருந்தாலும் போய்விட்டது. வேறு பொட்டலம் இல்லை.

கோணியூசி அண்ணா, இப்போது வலது கைப்பிடிக்கு என்ன வழி? வீட்டிலேயே நிறம் அடிக்கும் டப்பாக்கள் விற்கிறார்களே, நானே செய்யலாமா? அப்புறம் மற்ற இடங்களுக்குக் கிரீம் பூசலாமா, வேண்டாமா? ஒருவர் பூசு என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார்.

கோணியூசி:

கிரீம் விஷயத்தில் பழுப்புத்தாள் சொல்வதும் நான் சொல்வதும் சண்டை இல்லை அம்மா. அவர் கையில் இருப்பது யாரும் உட்காராத புத்தகம். சோபாவில் தினமும் உடம்பு தேய்கிறது. பூச்சுள்ள தோலில் கிரீம் உள்ளே போய்ச் சோறு போடப்போவதில்லை, ஆனால் மேலே ஒரு மெல்லிய படலமாக இருந்து உராய்வைக் குறைக்கும், வேர்வையும் ஜீன்ஸ் சாயமும் நேராகப் பூச்சில் ஏறாமல் கொஞ்சம் தடுக்கும். தண்ணீர் அடிப்படையிலான கிரீம், பட்டாணி அளவு, பரவலாகத் தேய்த்து உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை தாராளம். தலையும் கையும் படும் இடத்தை மட்டும் மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் மறுபடி இந்த அளவு கறுக்காது. கிரீம் பூசுவதைவிட இந்தத் துடைப்புதான் முக்கியம். அழுக்கின் மேல் கிரீம் பூசுவது அழுக்கைப் பூட்டி வைப்பது.

கைப்பிடிக்கு நிறம் அடிக்கத்தான் வேண்டும். தலைப்பக்கமும் தண்ணீரைக் குடித்தது அல்லவா, அதற்கும் சேர்த்து ஒரு மேல்பூச்சு போட்டால் நல்லது. டப்பா வாங்கிச் செய்யலாம். எண்ணெய்ப் பிசுக்கை முழுக்க எடுத்து, நைசான உப்புத்தாளால் லேசாக வருடி, தண்ணீர் அடிப்படையிலான நிறத்தை ஸ்பாஞ்சால் தொட்டுத் தொட்டு மெல்லிய பூச்சாகப் பல தடவை போட்டு, ஒவ்வொன்றும் காய்ந்தபிறகு அடுத்தது. கஷ்டம் எங்கே என்றால் நிறம் சேர்ப்பதில். டப்பாவில் வெளிர் பழுப்பு என்று இருக்கும், உங்கள் சோபா வெயிலிலும் வயசிலும் வேறு பழுப்புக்குப் போயிருக்கும். ஒரு கைப்பிடி மட்டும் தனியாக நிற்கும்.

இன்னொரு விஷயம், கடைசியில் போடும் தெளிவான பூச்சு சிலவற்றில் கெட்டியாக்கும் திரவம் ஒன்றைக் கலக்கச் சொல்வார்கள். சிலவற்றில் அது ஐசோசயனேட் வகையாக இருக்கும். கலந்த பூச்சை ஸ்பிரே செய்தால் நுரையீரலுக்கு ஆபத்து, ஆஸ்துமாவே வரவைக்கும். நாங்கள் சரியான முகமூடியும் காற்றை இழுக்கும் விசிறியும் வைத்துத்தான் தொடுவோம். உங்கள் வீட்டில் அது வேண்டாம். கலவை தேவைப்படாத ஒற்றை டப்பா வகையாக வாங்கி ஸ்பாஞ்சால் போடுங்கள், அல்லது கைப்பிடி வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். எந்த வகையானாலும் முழுக்க இறுகும்வரை உங்கள் மகளை அந்தக் கைப்பிடிக்குப் பக்கத்தில் விடக்கூடாது.

பேனாக் கோட்டுக்கும் அதே வேளையில் வழி பிறக்கும். நடுக் குஷனில் அந்தத் துண்டுக்கு மட்டும் நிறம் அடித்தால் மூடிக்கொள்ளும். ஆனால் மேலே முதலில் மையைத் தடுக்கும் அடிப்பூச்சு ஒன்று போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மை புதுப் பூச்சுக்குள் ஏறி மறுபடி எட்டிப் பார்க்கும்.

அதுவரைக்கும் பளபளப்புக்கு என்று சிலிக்கான் கலந்த பாலிஷ் எதையும் சோபா மேல் காட்டாதீர்கள். கார் டேஷ்போர்டுக்கு அடிப்பதும் அதில் அடக்கம். அது ஒருமுறை பட்டுவிட்டால் நிறம் ஒட்டாது, மீன் கண் மாதிரி குழி குழியாக விலகி நிற்கும், அதைச் சுத்தம் செய்யவே ஒரு தனிக் கூலி ஆகும்.

மாடிப்படி:

புரிந்தது அண்ணா. கைப்பிடியையும் குஷனையும் வெளியில்தான் கொடுக்கப்போகிறேன். கொடுக்கும்போது என்னென்ன கேட்கவேண்டும்?

கோணியூசி:

நிறத்தை உங்கள் சோபாவைப் பார்த்துக் கலப்பார்களா, டப்பாவிலிருந்து அப்படியே எடுப்பார்களா என்று கேளுங்கள். பூச்சு போடுவதற்கு முன்னால் பிசுக்கு எடுக்க என்ன செய்வார்கள் என்று கேளுங்கள், நேராக ஸ்பிரே அடித்துவிடுவோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கண்ணில் படாத ஓரத்தில் ஒரு திட்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது காய்ந்தபிறகு நகத்தால் சுரண்டியும் ஈரத் துணியால் தேய்த்தும் பாருங்கள், இரண்டிலும் நிறம் வரக்கூடாது. குஷன் உறையைக் கழற்றிக் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் ஃபோமைப் பிரிக்கவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். உறையை மட்டும் தட்டையாக விரித்து நிறம் அடித்தால் மறுபடி மாட்டும்போது மடிப்பில் கோடு விழும், ஃபோமோடு விறைப்பாக இருக்கும்போது அடிப்பதுதான் முறை.